கண்காட்டுவார் இருவர்: டெல்டாவில் பள்ளிக்கும் வேலைக்கும் நடுவே

விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பம்பை ஆற்றங்கரையில் திருவாமாத்தூர்னு ஒரு ஊர் இருக்கு. தேவாரப் பாடல் பெற்ற தலம். அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, கோயிலில் திருப்பதியம் பாடப் பார்வையற்றவர்கள் 16 பேரை அமர்த்திய செய்தியைச் சொல்கிறது. அதே கல்வெட்டு அவர்களோடு இன்னும் இரண்டு பேரையும் சேர்க்கிறது. அவர்களுக்கான பெயர் "கண்காட்டுவார்". பார்வை இல்லாதவர்களுக்கு வழிகாட்டிக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறவர்கள். 16 பாடகர்கள், 2 கண்காட்டுவார், ஆக மொத்தம் 18 ஜீவிதம்.

கோயில் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கல்வெட்டைத் தேவாரம் பரவிய வரலாற்றுக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். எனக்கு அந்தக் கடைசி இரண்டு பேர்தான் முக்கியமாகப் படுகிறார்கள். தானம் கொடுத்தவருக்குப் புண்ணியம் மட்டும் வேண்டுமென்றால் 16 பேருக்குச் சோறு போட்டாலே போதும். ஒரு வேலையைச் சொல்லி, ஆளை அமர்த்தி, அந்த ஆள் தினமும் வேலைக்கு வந்துசேர என்ன வேணும்னு யோசித்து, அதற்கும் ஆள் போட்டு, அந்தச் செலவையும் அதே கணக்கில் எழுதியிருக்கிறார்கள். இன்றைய சட்ட மொழியில் இதற்கு "நியாயமான இடவசதி" என்று வாயில் நுழையாத பெயர். கண்காட்டுவார் என்பது எவ்வளவு நேரான சொல் பாருங்க.

இந்தக் கட்டுரை தஞ்சை டெல்டாவைப் பற்றியது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு மேல்படிப்புக்கும் வேலைக்கும் போகும் அந்த நடுவழி இங்கே எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கிற முயற்சி. திருவாமாத்தூர் டெல்டாவுக்கு வெளியே இருந்தாலும் அளவுகோலாக அதை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு காலத்திலும் ஒரே கேள்வி: பாடுகிறவருக்கு இடம் இருந்ததா, கண்காட்டுவாருக்கும் கணக்கில் இடம் இருந்ததா?

நெல்லும் வேலையும்

அந்தக் காலத்தில் கோயிலில் பாடுவது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தால்தான் இதன் எடை புரியும். அதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் உதவுகின்றன. ராஜராஜன் அங்கே திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், கூடவே உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்தார். ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் தினம் முக்குறுணி நெல். 12 குறுணி ஒரு கலம். அப்படியானால் நாளுக்குக் கால் கலம், வருஷத்துக்குச் சுமார் 90 கலம். அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் என்ற கணக்கோடு இதை ஒப்பிட்டால், பாடகர் வேலை ஒரு குடும்பம் பிழைக்கக்கூடிய முழுநேர வேலை என்று தெரிகிறது.

பெரிய கோயில் கல்வெட்டில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. பங்கு பெற்றவர் இறந்தாலோ வெளியூர் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்யலாம். அந்த உறவினருக்குத் தகுதி இல்லை என்றால் தகுதியுள்ள வேறு ஆளை அமர்த்த வேண்டும். வேலைக்குத் தகுதி முக்கியம், குடும்பத்தின் வாழ்வும் முக்கியம். இரண்டையும் சேர்த்துப் பிடித்து எழுதிய விதி இது.

டெல்டாவின் பொருளாதாரமே நெல்லில் நடந்தது. கணக்கர், காவலர், விளக்கேற்றுகிறவர், தச்சர், நாவிதர் என எல்லாருக்கும் கூலி நெல்தான். இப்படிப்பட்ட நாட்டில் ஒருவருடைய பெயர் நெல் அளக்கும் கணக்கில் ஏறினால் அவர் ஊரில் ஓர் ஆள். ஏறாவிட்டால் அவர் யார் வீட்டிலோ ஒட்டிக்கொண்டிருப்பவர். திருவாமாத்தூரின் 16 பேரும் கணக்கில் ஏறியவர்கள்.

அதற்காகச் சோழர் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 16 பேருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வகை வேலை. குரல் இருந்தால் வேலை உண்டு. குரல் இல்லாத பார்வையற்றவருக்கோ கால் நடக்காதவருக்கோ காது கேளாதவருக்கோ அந்தக் கணக்கில் வரி இல்லை. "பார்வை இல்லையா, பாட்டுப் படி" என்ற பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கும் இதே கல்வெட்டுதான் சாட்சி. இந்தப் பழக்கம் எத்தனை நூற்றாண்டு ஓடியது என்று பின்னால் பார்ப்போம்.

கயிறும் கோலும்

டெல்டாவின் நடுநாயகமான திருவாரூரில் இதே விஷயம் கதையாக இருக்கிறது. தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கோயிலின் மேற்கே இருக்கும் குளம் தூர்ந்து சுருங்கிப்போனதைக் கேட்டு, தானே தோண்டுவது என்று இறங்குகிறார். குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி, இரண்டுக்கும் நடுவே கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே போய் மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, கயிற்றைப் பிடித்தபடியே கரைக்கு வந்து கொட்டுகிறார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் இதை விரிவாகச் சொல்கிறார்.

கதையில் வரும் சமணர் சண்டையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்தக் கயிறும் தறியும் ஒரு பொறியியல் தீர்வு. வேலையை மாற்றவில்லை, ஆளையும் மாற்றவில்லை, இடத்தைத்தான் மாற்றினார். மண்வெட்டும் வேலையைப் பார்வையற்றவரும் செய்யும்படி இரண்டு கம்பும் ஒரு கயிறும் ஆக்கிவிட்டன.

சுந்தரர் கதையும் திருவாரூரில்தான் முடிகிறது. திருவொற்றியூரில் பார்வையை இழந்த அவருக்குத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் இன்னொரு கண். தண்டியடிகளுக்கும் கடைசியில் பார்வை வந்துவிடுகிறது.

ரெண்டு கதையிலும் முடிவு ஒண்ணுதான்: கண் திரும்பக் கிடைக்கிறது. கயிறும் கோலும் இடைவழி ஏற்பாடுகள், குணமாவதுதான் நிறைவு. கல்வெட்டில் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. அந்த 16 பேரும் கடைசிவரை பார்வை இல்லாதவர்களாகவே இருந்து வேலை பார்த்து நெல் வாங்கியிருப்பார்கள். நம் சமூகம் கதையின் முடிவைப் பிடித்துக்கொண்டு கல்வெட்டின் ஏற்பாட்டை மறந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இன்றைக்கும் ஊரில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது குறை என்றால் முதல் பத்து வருஷம் "எங்கே போனால் சரியாகும்" என்ற அலைச்சலில் போகிறது. பள்ளிக்கூடம் அதுக்கப்புறம்தான்.

திருவாமாத்தூருக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடியவர்கள் இரட்டைப்புலவர்கள். ஒருவருக்குப் பார்வை இல்லை, மற்றவருக்குக் கால் நடக்காது. பார்வை இல்லாதவர் தோளில் நடக்க முடியாதவர் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள் என்பது மரபு. ஒருவர் பாட்டின் முதல் பாதியைப் பாட, மற்றவர் முடிப்பாராம். கண்காட்டுவாரைக் கணக்கில் எழுதிய அதே ஊருக்கு, ஒருவருக்கொருவர் கண்ணும் காலுமாக இருந்த இரண்டு பேர் வந்து பாடியது தற்செயல்தான். ஆனால் நல்ல தற்செயல்.

சரபோஜியின் குறிப்பேடும் சரப சாஸ்திரியின் குழலும்

1798 முதல் 1832 வரை தஞ்சையில் இருந்த இரண்டாம் சரபோஜி மருத்துவத்தில் ஆர்வம் உள்ளவர். தன்வந்திரி மகால் என்று மருந்துகளுக்காகவே ஓர் இடம் வைத்திருந்தார். கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், கண்களின் வண்ணப் படங்களோடு சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. என்ன நோய், என்ன சிகிச்சை, பார்வை எவ்வளவு திரும்பியது என்று ஆளுக்கு ஆள் எழுதி வைத்தார்கள். நம் ஊர் மருத்துவ வரலாற்றில் இது பெரிய விஷயம்.

இங்கேயும் அக்கறை குணப்படுத்துவதில்தான் இருந்தது. குணமாகாதவர்கள் சத்திரத்துக்குப் போனார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் போன்ற மராட்டியர் சத்திரங்களில் சோறு உண்டு, மருத்துவர் உண்டு, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வாத்தியாரும் உண்டு. டெல்டாவின் தர்ம மனம் பெரியதுதான். வழிப்போக்கருக்கு நள்ளிரவிலும் சோறு போட்ட நாடு. ஆனால் சோறு போடுவதும் வேலை கொடுப்பதும் வேறு வேறு.

இந்தச் சூழலில் தனி ஆளாக ஒருவர் எழுந்தார். கும்பகோணம் சரப சாஸ்திரி. 1872ல் பிறந்தவர், சிறு வயதிலேயே பார்வை போனது. புல்லாங்குழலைக் கர்நாடக இசைக் கச்சேரியின் முதன்மை வாத்தியமாக மேடையேற்றியவர் என்று இசை வரலாறு அவரைச் சொல்கிறது. 1904ல், 32 வயதுக்குள் காலமாகிவிட்டார். அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் வழியாக அந்தப் பாணி அடுத்த தலைமுறைக்குப் போனது.

சரப சாஸ்திரியை உதாரணம் காட்டி "பாருங்க, மனசு இருந்தா போதும்" என்று பேசுவது சுலபம். அவருக்கு மனசு மட்டும் இருக்கவில்லை. குருவிடம் உட்கார்ந்து காதால் கேட்டுக் கற்கும் கல்வி முறை இருந்தது. ஏட்டைப் பார்க்காமல் கற்கக்கூடிய துறை அது. சங்கீதம் தெரிந்த ஊரும் கேட்க ஆளும் கும்பகோணத்தில் இருந்தார்கள். மேதைமை அவருடையது, வழி ஏற்கெனவே போட்டிருந்தது. அதே கும்பகோணத்தில் அதே காலத்தில் பார்வை இழந்து, பாட்டு வராத ஒரு பையனுக்கு என்ன வழி இருந்தது? பெரியம்மை ஊர் ஊராகப் பார்வையைப் பறித்த காலம் அது. அப்படிப் பல பையன்கள் இருந்திருப்பார்கள்.

ஆறு புள்ளி

தமிழ்நாட்டில் அந்தப் பையனுக்கான பதில் தெற்கே தொடங்கியது. பாளையங்கோட்டையில் சாரா டக்கர் நிறுவனத்தில் இருந்த ஆஸ்க்வித் அம்மையார் 1890ல் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே அதே ஊரில் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாதோருக்கான பள்ளியைத் தொடங்கினார். மதறாஸுக்குப் பக்கத்தில் பூந்தமல்லி அரசுப் பள்ளி 1931ல் வந்தது. காவிரிக் கரைக்காரர்களுக்கு இரண்டுமே தூரம்.

தூரத்தைவிடப் பெரிய சிக்கல் எழுத்து. தமிழுக்கு எந்தப் புள்ளி என்று ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு முறை வைத்திருந்தால் ஒரு பள்ளியில் அச்சடித்த புத்தகம் இன்னொரு பள்ளியில் பயன்படாது. இந்தியா முழுக்க இதே நிலைமை. 1951ல்தான் இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெய்ல் வந்தது. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே புள்ளி. தமிழ் "க"வும் இந்தி "க"வும் பிரெய்லில் ஒன்றே.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன் என்பதால் இதில் ஒரு விஷயம் ரொம்பப் பிடிக்கும். அச்சில் "கொ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருது, கால் பின்னால் வருது, எழுத்து நடுவில். பிரெய்லில் அப்படி இல்லை. முதலில் க, பிறகு ஒ. ஒலிக்கும் வரிசைதான் எழுதும் வரிசை. யுனிகோடும் அதையேதான் செய்கிறது. கணினியின் நினைவகத்தில் முதலில் மெய்யெழுத்துக்கான குறி, அடுத்து உயிர்க்குறி. திரையில் மட்டும் கொம்பை முன்னால் நகர்த்திக் காட்டுகிறது. அதாவது யுனிகோடு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கண்ணால் பார்க்கும் வரிசையை விட்டுவிட்டு ஒலி வரிசையில் தமிழைச் சேமித்தவர்கள் பிரெய்ல் படித்த பிள்ளைகள்.

ஆனா அரசு அலுவலகங்கள் பல வருஷம் வேறு பாதையில் போயின. பாமினி, வானவில் மாதிரி எழுத்துருக்களில் கோப்புகள் தயாராயின. பாமினியில் "தமிழ்" என்று தெரிவது உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகள்தான்: ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பார்ப்பவருக்குத் தமிழ் தெரியும். திரைவாசிப்பு மென்பொருளை வைத்துக் கேட்பவருக்கு "ஜே கே பி ஓ" என்று காதில் விழும். வேலைவாய்ப்பு அறிவிப்பையே இப்படிக் கேட்க நேர்ந்தால் என்ன செய்வது? 2010ல் தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்குள் 2006ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை உருவாக்கத் தொடங்கியிருந்தார்கள். அது தமிழும் படிக்கும். இந்த இரண்டும் சேர்ந்தபோதுதான் தமிழில் ஒரு பக்கத்தை யார் துணையும் இல்லாமல் படிப்பது சாத்தியமானது. இப்போதும் கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் செய்து படமாக ஏற்றும் பழக்கம் போகவில்லை. படத்தில் எழுத்து இல்லை, எழுத்தின் நிழல்தான் இருக்கிறது.

மஞ்சள் பெட்டியும் பதவிப் பட்டியலும்

டெல்டாவுக்குத் திரும்புவோம். தஞ்சாவூர் மேம்பாலம் அருகே பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. காது கேளாதோருக்கான அரசுப் பள்ளியும் தஞ்சையில் உண்டு. திருச்சி புத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கான அரசு மேல்நிலைப்பள்ளி. இவை விடுதியோடு இயங்கும் பள்ளிகள். வேதாரண்யம் பக்கத்துக் குழந்தை ஒன்று நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்து தஞ்சையில் தங்கிப் படிக்கும். பழைய தஞ்சாவூர் மாவட்டம் 1991ல் நாகப்பட்டினமாகவும் 1997ல் திருவாரூராகவும் 2020ல் மயிலாடுதுறையாகவும் பிரிந்ததில் ஒரு சின்ன நன்மை, சான்றிதழ் வாங்க அலைய வேண்டிய தூரம் குறைந்தது.

படித்து முடித்தால் என்ன வேலை? நெல் நாட்டில் வேலை என்றால் நடவு, களையெடுப்பு, அறுப்பு. உடம்புக்கு உடம்பு கூலி. கால் நடக்காத பையன் களத்துக்குக் காவல் இருப்பான், காது கேளாத பொண்ணு நடவுக்குப் போகும். இதெல்லாம் வேலைதான், ஆனால் யாரும் வேலைன்னு எழுதிக்கொள்வதில்லை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு அந்த வேலைகளும் குறைந்தன. மற்ற இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பஸ் ஏறினார்கள். இவர்கள் வீட்டில் தங்கினார்கள்.

நாற்பதைத் தாண்டிய எல்லாருக்கும் ஒரு காட்சி நினைவிருக்கும். பஸ் ஸ்டாண்டு வாசலில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத், பக்கத்தில் மூன்று சக்கர வண்டி, உள்ளே போலியோவால் கால் பாதித்த ஒருவர் பில் கிழித்துக் கொடுப்பார். பொதுத் தொலைபேசி நிலையம் ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்தது. அப்படி நிறையப் பேர் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். பிறகு எல்லார் பையிலும் செல்போன் வந்தது. பூத்துகள் போயின. இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார், அந்த நோயும் போனது. ஆனால் நோய் வந்த தலைமுறை போகவில்லை, அவர்கள் அப்போது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஒரே வகை வேலையைக் கொடுத்தால், அந்த வேலை செத்தால் பிரிவே தெருவுக்கு வரும். திருவாமாத்தூரின் "பார்வை இல்லையா, பாட்டு" என்பதன் புதுப்பிரதி அந்த மஞ்சள் பூத்.

அரசு வேலையிலும் இதே கதைதான், காகிதத்தில். மத்திய அரசு 1977ல் கீழ்நிலைப் பணிகளில் 3 சதவீத இடஒதுக்கீடு கொடுத்தது. 1995 சட்டம் அதைச் சட்டப்பூர்வமாக்கியது. ஆனால் "அடையாளம் காணப்பட்ட பணிகள்" என்று ஒரு பட்டியல் இருந்தது. இந்தக் குறைக்கு இந்த வேலை ஆகும், அந்த வேலை ஆகாது என்று யாரோ உட்கார்ந்து எழுதிய பட்டியல். பார்வையற்றவருக்குப் பாட்டு வாத்தியார் ஆகும், நாற்காலி பின்னுவது ஆகும். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போராடி வாங்க வேண்டியிருந்தது. ஐஏஎஸ் தேர்வைப் பிரெய்லிலோ எழுத்தர் துணையோடோ எழுதலாம் என்று 1993ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பட்டியல் தயாராகவில்லை என்பதைக் காரணம் காட்டி இடஒதுக்கீட்டை மறுக்க முடியாது என்று 2010ல் சொன்னது. 2013ல் 3 சதவீதத்தைக் கணக்கிடும் முறையைத் திருத்தியது. பார்வையற்றவர் என்பதாலேயே ஒருவரை நீதிபதிப் பணிக்குத் தகுதியற்றவர் என ஒதுக்க முடியாது என்று 2025 மார்ச் 3ல் தீர்ப்பளித்தது.

2016 சட்டம் 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக்கியது, அரசு வேலையில் ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கியது, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் என்றது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2021 பிப்ரவரியில் வந்த விகாஷ் குமார் வழக்குத் தீர்ப்பு. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் சிக்கல் உள்ள ஒருவருக்கு, அவருடைய குறை 40 சதவீத அளவுக்கு வராது என்று தேர்வில் எழுத்தர் மறுக்கப்பட்டார். சதவீதக் கணக்கு இடஒதுக்கீட்டுக்குத்தான், தேவைப்படும் உதவிக்கு அது அளவுகோல் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. உதவி என்பது சலுகை இல்லை, சமமாகப் போட்டி போட ஒரு ஏற்பாடு. கண்காட்டுவாரைக் கணக்கில் எழுதுவதற்கு நவீன இந்தியா இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது.

18 வயதில் என்ன நடக்கிறது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். இந்திய அளவில் 5 முதல் 19 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிகளில் 61 சதவீதம் பேர் பள்ளி, கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மொத்த மாற்றுத்திறனாளிகளில் வேலை செய்பவர்கள் 36 சதவீதம். ஆண்களில் 47, பெண்களில் 23. இரண்டும் வெவ்வேறு வயதினரைப் பற்றிய எண்கள், நேராகக் கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் பள்ளி வாசலுக்கும் வேலை வாசலுக்கும் நடுவே எங்கேயோ ஆட்கள் காணாமல்போகிறார்கள் என்பது தெரிகிறது, பெண்கள் இன்னும் அதிகமாக.

எங்கே? 2016 சட்டத்தின்படி இலவசக் கல்வி உரிமை 6 வயது முதல் 18 வரை. பள்ளிகளில் சிறப்பாசிரியர், உதவிக் கருவி, பயணப்படி என்று கொடுக்கும் சமக்ர சிக்ஷா திட்டம் பிளஸ் டூவோடு முடிகிறது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 ஆனதும் பெற்றோர் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி காப்பாளர் சான்று வாங்கவேண்டி வருகிறது. எல்லாக் கயிறும் ஒரே பிறந்தநாளில் அறுகிறது. அதுவரை ஒரே சிறப்பாசிரியருக்குத் தெரிந்த பிள்ளை, அடுத்த நாள் கல்லூரி, வேலைவாய்ப்பகம், வங்கி, மருத்துவக் குழு என்று நாலு அலுவலகத்துக்கு நாலு புது மனுப்போடும் ஆளாகிறது.

அமெரிக்காவில் இதை ஒரு தனிக் காலகட்டமாகவே பார்க்கிறார்கள். 1990ல் திருத்திய சிறப்புக் கல்விச் சட்டம், மாணவருக்கு 16 வயது ஆவதற்குள் பள்ளிக்குப் பிறகு என்ன என்று ஒரு திட்டத்தை எழுதவேண்டும் என்றது. மாணவரும் பெற்றோரும் ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். 2014ல் வந்த இன்னொரு சட்டம், மாநிலங்கள் தொழில் மறுவாழ்வு நிதியில் குறைந்தது 15 சதவீதத்தைப் பள்ளி மாணவர்களின் வேலைத் தயாரிப்புக்கே செலவிட வேண்டும் என்றது. அங்கேயும் வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் இந்த மேசையில் தடுமாறுகின்றன. படிவம் ஆங்கிலத்தில், அலுவலகங்களின் பழக்கம் புதிது. பெற்றோருக்குப் புரியும்படி மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்வதைச் சட்டமே பள்ளியின் கடமையாக வைத்திருக்கிறது. அங்கே மொழிபெயர்ப்பாளர்தான் கண்காட்டுவார். நம்ம ஊர்ல, அப்பா அம்மா விவசாயக் கூலியாக இருந்து, மகள் அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறாள் என்றால் மொழி தமிழாகவே இருந்தாலும் அலுவலகத் தமிழைப் பேசுதமிழாக்க ஒருவர் வேண்டித்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் நல்ல மாற்றங்களும் நடக்கின்றன. 2010 வாக்கில் ஊனமுற்றோர் என்ற அரசுச் சொல் மாற்றுத்திறனாளிகள் ஆனது. உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தில் "விழுதுகள்" என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025ல் சட்டம் கொண்டுவந்தார்கள். கிராமப் பஞ்சாயத்தில் அப்படி ஒருவர் உட்கார்ந்தால், அந்த ஊரில் பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளை யார் யார் என்பது அவருக்குப் பெயரோடு தெரியும். சென்னையில் இருக்கும் எந்தத் தரவுத்தளத்துக்கும் அது தெரியாது.

இதில் எனக்குத் தோன்றும் யோசனை பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. பத்தாம் வகுப்பிலேயே ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவருக்கும் "அடுத்து என்ன" என்று ஒரு பக்கத் தாள். எந்தப் பாடம் பிடிக்கும், எந்தக் கல்லூரி, எப்படிப் போய்வருவது, என்ன கருவி வேணும், தேர்வில் யார் எழுத்தர், சான்றிதழ் எப்போது புதுப்பிக்க வேண்டும். அதைப் பள்ளி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், கல்லூரி மூன்றும் ஒரே தாளாகக் கைமாற்ற வேண்டும். மாணவர் ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து தன் கதையைச் சொல்லக் கூடாது. படிவங்கள் எல்லாம் யுனிகோடில், திரைவாசிப்பான் படிக்கும்படி. பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருஷமாவது கூடவே வருகிற, சம்பளம் வாங்குகிற ஓர் ஆள். பாசத்துக்காக வரும் அண்ணனோ அம்மாவோ மட்டும் போதாது. அவர்களுக்கும் நடவு இருக்கிறது, வேலை இருக்கிறது. ஒரு அண்ணன் தம்பியைத் தினமும் கல்லூரிக்குக் கூட்டிப்போனால் அந்த வீட்டில் இரண்டு பேருடைய கூலி போகிறது.

திருவாமாத்தூரில் அந்தக் கணக்கை எழுதியவருக்கு இது தெரிந்திருந்தது. எட்டுப் பேருக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கண்காட்டுவது தர்மம் என்று விட்டுவிடாமல் அதுவும் வேலை என்று கல்லில் வெட்ட வைத்திருக்கிறார். டெல்டாவில் இன்று ஒரு கல்லூரி முதல்வரோ பஞ்சாயத்துத் தலைவரோ அடுத்த ஆண்டுச் செலவுத் திட்டம் எழுதும்போது, மாணவர் சேர்க்கை எண்ணிக்கைக்குக் கீழே ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்: கண்காட்டுவார், இத்தனை பேர், சம்பளம் இவ்வளவு.